இறால் தொட்டியில் வெள்ளைப் புழு: பிளனேரியாவா, வேறு எதுவுமா? எதைக் கொல்வது, எதை விட்டுவிடுவது?

லெனேசியா_இறால் (லெனேசியா, ஜோஹன்னஸ்பர்க்)

அனைவருக்கும் வணக்கம். 60 லிட்டர் தொட்டி. செர்ரி இறால் எண்பது இருக்கும், நெரைட் நத்தை இரண்டு, செடியோடு ஒட்டி வந்த பொடி நத்தைகள் நிறைய. மீன் கிடையாது. ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஒன்றுதான் ஓடுகிறது. ஜாவா மாஸ், அனூபியாஸ், கொஞ்சம் வாலிஸ்நேரியா. வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீர் மாற்றம். குழாய்த் தண்ணீரை ஒரு நாள் வாளியில் வைத்திருந்து ஊற்றுவது வழக்கம். தினமும் ஒரு தீவன வில்லை.

மூன்று வாரமாகக் கண்ணாடியில் மூன்று விதமான ஜந்துக்கள் தெரிகின்றன. ஒன்று, நூல்போல மெல்லியது, தண்ணீரில் நெளிந்து நீந்துகிறது. இரண்டாவது கண்ணாடியில் ஒட்டிக்கொண்டே வழுக்கிப் போகிறது. பகலில் 2 மி.மீ. அளவில்தான் தெரியும், இரவில் விளக்கடித்துப் பார்த்தால் 8 மி.மீ. அளவிலும் இருக்கிறது. மூன்றாவது, கடுகில் கால்வாசி அளவு வெள்ளைப் புள்ளிகள், விட்டுவிட்டுத் துள்ளுகின்றன. முட்டை சுமந்த இறால் ஆறு இருந்தும் குட்டிகள் கண்ணில் படவில்லை.

ஆட்டுக்குக் கொடுக்கும் புழு மருந்து (ஃபென்பெண்டசோல்) போட்டால் எல்லாம் ஒழியும் என்கிறார்கள். ஒருவர் கொட்டைப் பாக்கைச் சீவிப் போடு என்கிறார், இன்னொருவர் இரண்டு கப்பி மீன் விட்டால் போதும் என்கிறார். எது சரி? எத்தனை மில்லி? நெரைட் நத்தைக்கு ஆபத்து உண்டா?

—

கண்ணாடிக்குடுவை (லாடியம், பிரிட்டோரியா)

தம்பி, மருந்துப் புட்டியை ஓரமாக வைத்துவிட்டு முதலில் ஒரு வெள்ளைச் சாசரை எடுங்கள். உங்கள் தொட்டியில் ஒரே ஜந்து இல்லை, குறைந்தது மூன்று. "வெள்ளைப் புழு" என்ற ஒரே பெயரில் எல்லாரும் கூப்பிடுவதால்தான் தேவையில்லாத தொட்டிகளில்கூட மருந்து விழுகிறது.

விளக்கு அணைந்து இரண்டு மணி நேரம் கழித்து டார்ச் அடித்து, வழுக்கிப் போகும் புழுவில் பெரியதாக ஒன்றை ஊசி இல்லாத சிரிஞ்சால் உறிஞ்சிச் சாசரில் விடுங்கள். தொட்டித் தண்ணீரே இருக்கட்டும். ஐந்து நிமிடம் தொடாமல் விட்டால் அது சுருக்கம் கலைந்து நீளும். இப்போது பூதக்கண்ணாடியில் தலையைப் பாருங்கள். வேல் முனைபோல முக்கோணத் தலை, அதில் ஒன்றரைக் கண் போட்டதுபோல இரண்டு கரும்புள்ளிக் கண்கள், தட்டையான உடல், நெளியாமல் கண்ணாடியில் எண்ணெய் வழிவதுபோல நகர்ச்சி: இவ்வளவும் இருந்தால் பிளனேரியா, இறால் குட்டியைப் பிடித்துத் தின்னும் தட்டைப்புழு. வெள்ளை, சாம்பல், பழுப்பு எந்த நிறத்திலும் வரும். வெளிச்சத்தை வெறுக்கும். அதனால் பகலில் இரண்டு தெரிந்தால் மண்ணுக்குள் இன்னும் பல இருக்கும்.

2 அல்லது 3 மி.மீ. தாண்டாமல், தலை உருண்டையாக, வழுக்கியே போகிறவை ராப்டோசீல் என்னும் வேறு தட்டைப்புழு. இது பாக்டீரியாவையும் பொடி உயிர்களையும் தின்று வாழும், இறாலுக்குத் தொல்லை இல்லை. குட்டிப் பிளனேரியாவையும் இதையும் குழப்பிக்கொள்வது சகஜம். சந்தேகமாக இருந்தால் ஒரு வாரம் பாருங்கள். ஒன்றுகூட 5 மி.மீ.க்கு மேல் வளரவில்லை என்றால் பெரும்பாலும் ராப்டோசீல்தான். நீங்கள் 8 மி.மீ. என்று எழுதியிருப்பதுதான் எனக்குக் கவலை தருகிறது.

நூல்போல நெளிவது டெட்ரைடஸ் புழு, மண்புழுவின் இனம். உடல் உருண்டை, கண்டம் கண்டமாகப் பிரிந்திருக்கும், தலை என்று தனியாகத் தெரியாது. அழுகிய இலை, மீந்த தீவனம், கழிவு இவற்றைத் தின்று மண்ணைச் சுத்தமாக வைக்கிறது. கொல்ல வேண்டாம். அது மண்ணை விட்டுக் கண்ணாடிக்கு ஏறுகிறது என்றால் அடியில் தீவனம் மிகுந்துவிட்டது, அல்லது ஆக்சிஜன் குறைந்துவிட்டது.

துள்ளும் புள்ளிகளில் விட்டுவிட்டுத் தாவுவது சைக்ளாப்ஸ். பெண்ணாக இருந்தால் வாலருகே இரண்டு முட்டைப் பைகள் தொங்கும். உருண்டையாக, சிப்பி மூடியது போல, மண்ணருகே ஓடித் திரிவது ஆஸ்ட்ரகாட். இரண்டும் தீங்கில்லாதவை. மீன் இல்லாத தொட்டியில் இவை பெருகாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

நீங்கள் குறிப்பிடாத ஒன்றையும் தேடிப் பாருங்கள்: ஹைட்ரா. செடி நுனியிலும் ஃபில்டர் குழாயிலும் ஒட்டிக்கொண்டு, 5 முதல் 10 மி.மீ. தண்டும் உச்சியில் ஐந்தாறு நூல் கைகளுமாக இருக்கும். குச்சியால் தொட்டால் சட்டென்று சுருங்கிப் பொட்டாகிவிடும். கைகளில் கொட்டும் செல்கள் உண்டு. பிறந்த இறால் குட்டியைப் பிடித்துவிடும். வெள்ளை, பழுப்பு, பச்சை மூன்றிலும் உண்டு.

பிளனேரியாவையோ ஹைட்ராவையோ கண்ணாடியில் வைத்துத் தேய்த்து நசுக்காதீர்கள். துண்டான ஒவ்வொரு பாகமும் தனி உயிராக வளரும். ஆபிரகாம் டிரெம்பிளே என்பவர் ஹைட்ராவை வெட்டி வெட்டி இதைக் கண்டறிந்து 1744-லேயே எழுதி வைத்தார். காந்தத் துடைப்பானால் கண்ணாடியைச் சுத்தம் செய்கிறவர்கள் அறியாமல் செய்வது இதைத்தான்.

குட்டிகள் காணாமல் போவதற்குப் பிளனேரியா மட்டுமே காரணம் என்று இப்போதே முடிவு கட்டவும் வேண்டாம். "ஒரு நாள் வாளியில் வைத்து" என்றீர்களே, அது எனக்கு உறுத்துகிறது. நம் ஊர்களுக்குத் தண்ணீர் வழங்கும் ராண்ட் வாட்டர் நிறுவனத்தின் தண்ணீரில் மோனோகுளோரமின் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்தது) சேர்க்கிறார்கள். வெறும் குளோரின் என்றால் ஒரு நாளில் பறந்துபோகும். குளோரமின் அப்படிப் போகாது. பெரிய இறால் தாக்குப்பிடிக்கும், குட்டி தாங்காது. குளோரமினையும் நீக்கும் என்று லேபிளில் எழுதியுள்ள குளோரின் நீக்கியை ஒவ்வொரு முறையும் போடுங்கள். குளோரமின் உடையும்போது கொஞ்சம் அம்மோனியா மிஞ்சும், அதை ஸ்பாஞ்சில் உள்ள பாக்டீரியா பார்த்துக்கொள்ளும். அதனால் ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவாமல், தொட்டியில் இருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழியுங்கள்.

—

மெரிபேங்க்_நீர்வாழ் (டர்பன்)

கப்பி பற்றி: ஆஸ்ட்ரகாட், சைக்ளாப்ஸ், நெளியும் புழு எல்லாவற்றையும் தின்னும். பிளனேரியாவைப் பெரும்பாலும் வாயில் போட்டுத் துப்பிவிடும், அதன் தோலில் சுரக்கும் கோழை மீனுக்குப் பிடிக்காது. ஆனால் இறால் குட்டியை விடாமல் தின்னும். நீங்கள் காப்பாற்ற நினைப்பதே குட்டிகளைத்தானே. ஹைட்ராவுக்குக் குராமி மீன் நல்ல மருந்து, அதுவும் இறால் இல்லாத தொட்டிக்குத்தான்.

பாக்கு விஷயத்தில் உண்மை இருக்கிறது. பாக்கில் உள்ள அரிகோலின் புழுவின் நரம்பைத் தாக்கிச் செயலிழக்க வைக்கும். நாய்களின் நாடாப்புழுவுக்குக் கால்நடை மருத்துவத்தில் பல காலம் அதைப் பயன்படுத்தினார்கள். நோ-பிளனேரியா என்று விற்கும் பொடியிலும் இருப்பது பாக்குச் சத்துதான். அதற்காகப் பூஜைத் தட்டில் வைத்த கொட்டைப் பாக்கைச் சீவிப் போடக்கூடாது. ஒரு பாக்குக்கும் இன்னொரு பாக்குக்கும் அரிகோலின் அளவு மாறும், பச்சைப் பாக்குக்கும் காய்ந்ததற்கும் மாறும். குறைந்தால் புழு மயங்கி மறுபடி எழும்; கூடினால் நத்தையோடு இறாலும் போகும். கடைச் சீவலில் வாசனையும் மென்தாலும் வேறு கலந்திருக்கும். அளவு அச்சிட்ட பொடி கிடைத்தால் வாங்குங்கள், இல்லையென்றால் ஃபென்பெண்டசோல்.

—

ஆக்டன்வில்_தொட்டி (பெனோனி)

டெட்ரைடஸ் புழு மேலே ஏறுவது பற்றி ஒரு சேர்க்கை. நம் ஹைவெல்டில் (ஜோஹன்னஸ்பர்க் பக்கத்து மேட்டுநிலத்தில்) இதற்குத் தனிக் காரணம் இருக்கிறது. ஜோஹன்னஸ்பர்க் கடல் மட்டத்துக்கு 1,700 மீட்டருக்கு மேல். காற்றழுத்தம் குறைவு என்பதால் தண்ணீரில் கரையும் ஆக்சிஜனும் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. 25 டிகிரியில் டர்பன் தொட்டி ஒன்று லிட்டருக்குச் சுமார் 8.3 மி.கி. வரை பிடிக்கும், நம்முடையது 6.7 மி.கி.யோடு நிற்கும். கடலோரத்தில் எழுதிய குறிப்புகளை வைத்து "இவ்வளவு காற்று போதும்" என்று இங்கே கணக்குப் போட முடியாது.

இதோடு மின்சாரம் இரண்டு, நான்கு மணி நேரம் போனால் ஸ்பாஞ்ச் ஃபில்டர் நிற்கும், மண்ணில் உள்ள ஆக்சிஜன்தான் முதலில் தீரும். அப்போது புழுக்கள் கூட்டமாகக் கண்ணாடி ஏறும். அதைத் தொற்று என்று நினைத்து அன்றைக்கே மருந்து போட்டால், ஆக்சிஜன் குறைந்த தண்ணீரில் செத்த புழுவும் அழுக ஆரம்பித்து இறாலும் சேர்ந்து போகும். பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று வைத்திருங்கள். மருந்து போடும் நாட்களில் இரண்டாவது காற்றுக்கல் ஒன்று கட்டாயம்.

—

செடிக்காரி (சாட்ஸ்வர்த், டர்பன்)

இவை எல்லாம் எங்கிருந்து வந்தன என்றால், செடியிலிருந்துதான். பிளனேரியாவின் முட்டைக்கூடு மிளகை விடச் சிறிய பழுப்பு உருண்டை, காம்புபோல ஒரு நூலில் இலை அடியில் ஒட்டியிருக்கும். புதுச் செடி வாங்கினால் நேராகத் தொட்டியில் போடாதீர்கள்.

அனூபியாஸ் போன்ற கடின இலைக்கு ஜிக் (வீட்டு பிளீச்) குளியல் தாங்கும். மணம் சேர்க்காத சாதா ஜிக் 3.5 சதவீதம் (லேபிளைப் பார்த்துக்கொள்ளுங்கள்). 50 மில்லி ஜிக், 650 மில்லி தண்ணீர், இரண்டு நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். எடுத்துக் கழுவி, குளோரின் நீக்கியை வழக்கத்தைப் போல நான்கைந்து மடங்கு போட்ட வாளியில் பத்து நிமிடம் ஊறவிட்டு, ஜிக் வாசனை அறவே போன பிறகு தொட்டியில் வையுங்கள். இணையத்தில் ஒன்றுக்குப் பத்தொன்பது என்று எழுதியிருப்பது 5 சதவீதத்துக்கு மேல் உள்ள பிளீச்சுக்கான கணக்கு. நம் ஜிக்குக்கு அது நீர்த்துப்போகும். ஜாவா மாஸும் வாலிஸ்நேரியாவும் ஜிக்கில் வெந்துவிடும். அவற்றுக்குப் படிகாரம்: நாலு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி, இரண்டு மூன்று நாள் ஊற வைத்து நன்றாக அலசுங்கள். நத்தையையும் புழுவையும் ஒழிக்க நல்லது, முட்டைக்கு முழு உத்தரவாதம் இல்லை. அதனால் மாஸை மூன்று வாரம் தனி வாளியில் வைத்துப் பார்ப்பது என் விருப்பம்.

குவாசூலு-நட்டாலில் இருப்பவர்கள் யாரும் ஆற்றிலோ ஓடையிலோ செடி பறித்துத் தொட்டியில் போடாதீர்கள். தண்ணீரில் இருந்து தோல் வழியாக உடலில் புகும் ஒட்டுண்ணி நோயான பில்ஹார்சியாவைக் கடத்தும் புலினஸ் நத்தை இங்கே உண்டு. அதன் ஓடு இடப்பக்கம் திறந்திருக்கும். கடைச் செடியில் வரும் சாதாரண ஃபைசா நத்தையும் அதேபோல இடப்பக்கம் திறந்ததுதான், கண்ணால் பார்த்துப் பிரிப்பது எளிதில்லை. கடையில் வாங்கிய செடியோடு வந்தது என்றால் பயம் இல்லை. ஓடையில் இருந்து வந்தது என்றால் வெறுங்கையை அந்தத் தண்ணீரில் விடாதீர்கள்.

மாற்றும் தண்ணீரைத் தோட்டத்திலோ கழிவறையிலோ கொட்டுங்கள், மழைநீர்க் கால்வாயில் வேண்டாம். டாரேபியா என்ற ஆசிய நத்தை 1999-ல் இந்த மாகாணத்தில் முதன்முதலில் தென்பட்டது, இன்று ஆற்றிலும் கழிமுகத்திலும் கொத்துக் கொத்தாகக் கிடக்கிறது. மீன்தொட்டி வழியாக வந்திருக்கும் என்றே கருதுகிறார்கள்.

—

லெனேசியா_இறால்

அண்ணா, அக்கா, எல்லாருக்கும் நன்றி. சாசரில் விட்டுப் பார்த்தாயிற்று. முக்கோணத் தலை, இரண்டு கண், 9 மி.மீ. ஹைட்ரா தேடினேன், இல்லை. குளோரமின் நீக்கி வாங்கியாயிற்று.

பண்ணைக் கடையில் இரண்டு மருந்து இருக்கிறது. ஒன்று 10 சதவீதம், ஃபென்பெண்டசோல் மட்டும். மற்றது 2.5 சதவீதம், லேபிளில் கோபால்ட், செலினியம் என்றும் போட்டிருக்கிறது. எதை வாங்க? தொட்டியின் உள்ளளவு: நீளம் 58, அகலம் 28, மண்ணின் மேலிருந்து தண்ணீர் உயரம் 29 செ.மீ. கல்லும் மரமும் சேர்ந்து 3 லிட்டர் இடம் பிடிக்கும்.

—

கண்ணாடிக்குடுவை

10 சதவீதத்தை வாங்குங்கள். ஆட்டு மருந்துகளில் சத்துக்காகத் தாது உப்புகள் சேர்ப்பதுண்டு. ஆட்டுக்கு நல்லது, இறால் தொட்டிக்கு வேண்டாத சுமை. லேபிளில் செம்பு என்று இருந்தால் தொடவே வேண்டாம், இறாலைக் கொல்லும். லெவாமிசோல் போன்ற இன்னொரு மருந்து கலந்ததும் வேண்டாம்.

கணக்கு: 58 × 28 × 29 = 47,096. ஆயிரத்தால் வகுத்தால் 47 லிட்டர், கல் மரம் போக 44. கடையில் "60 லிட்டர் தொட்டி" என்று விற்றதை வைத்துப் போட்டிருந்தால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடியிருக்கும். லிட்டருக்கு 0.6 மி.கி. வேண்டும், ஆக 26 மி.கி. 10 சதவீதம் என்றால் ஒரு மில்லியில் 100 மி.கி., எனவே 0.26 மில்லி. இன்சுலின் சிரிஞ்சு அல்லது 1 மில்லி சிரிஞ்சு இல்லாமல் இதை அளக்க முடியாது. கரண்டிக் கணக்கு வேண்டாம். (22.2 சதவீதப் பொடி கிடைத்தவர்களுக்கு இதே தொட்டிக்கு 0.12 கிராம், நகைத் தராசில் நிறுக்கவும்.)

மருந்துக்கு முன் மூன்று இரவு பொறி வையுங்கள். இதைத் தவிர்த்துவிட்டு நேராக மருந்துக்குப் போகிறவர்களின் தொட்டியில்தான் இறால் சாகிறது, மருந்தால் அல்ல, ஒரே இரவில் செத்த நூற்றுக்கணக்கான புழுக்கள் அழுகிக் கிளம்பும் அம்மோனியாவால். சிறு மாத்திரைப் புட்டியின் மூடியில் 2 மி.மீ. துளை நாலைந்து போட்டு, உள்ளே பட்டாணி அளவு பச்சைக் கோழி இறைச்சி, தண்ணீர் நிரப்பிக் காற்றில்லாமல் மூடி, விளக்கணைந்ததும் மண்மேல் படுக்க வையுங்கள். மூன்று மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள். விடியும்வரை விட்டால் இறைச்சி அழுகும், உள்ளே நுழைந்த இறால் குட்டியைப் புழுவே தின்னும். பிடிபட்டதைக் கொதிநீரில் கொட்டுங்கள். அந்த மூன்று நாளும் இறாலுக்குத் தீவனம் கிடையாது. பசித்த புழுதான் பொறிக்கு வரும், இறால் கண்ணாடிப் பாசியை மேய்ந்து பிழைத்துக்கொள்ளும்.

நெரைட்டை எடுத்து வேறு தொட்டிக்கு மாற்றுங்கள். ஃபென்பெண்டசோல் நெரைட், ஆப்பிள் நத்தை, மண்ணுக்குள் வாழும் கூம்பு நத்தை மூன்றையும் கொல்லும். உங்கள் பொடி நத்தைகள் ஃபைசா அல்லது தட்டுச் சுருள் நத்தை என்றால் பெரும்பாலும் பிழைக்கும். கூம்பு நத்தை இருக்கிறதா என்று மண்ணைக் கிளறிப் பாருங்கள். நிறைய இருந்தால் முடிந்தவரை பொறுக்கிவிடுங்கள், மண்ணுக்குள் செத்தால் நாற்றம் எடுத்த பிறகுதான் தெரியும்.

மருந்து நாள்: ஃபில்டரில் மருந்தை உறிஞ்சும் கார்பன் இருந்தால் எடுத்துவிடுங்கள். ஸ்பாஞ்ச் ஓடட்டும், இந்த மருந்து அதன் பாக்டீரியாவைத் தொடாது. ஃபென்பெண்டசோல் தண்ணீரில் எளிதில் கரையாது. புட்டியை நன்றாகக் குலுக்கி, 0.26 மில்லியை எடுத்து, அரை லிட்டர் தொட்டித் தண்ணீரில் விட்டு, மூடி இரண்டு நிமிடம் வேகமாகக் குலுக்கி, காற்றுக்கல் ஓடும் இடத்தில் ஊற்றிப் பரப்புங்கள். லேசாகக் கலங்கும், மறுநாள் தெளியும். 48 மணி நேரம் கழித்துப் பாதி அளவு, 0.13 மில்லி. இடையில் செத்த புழுக்களைச் சைஃபன் குழாயால் எடுத்துக்கொண்டே இருங்கள். வெளியே எடுத்த அளவு தண்ணீரை மட்டும் ஊற்றுங்கள். தினமும் அம்மோனியா சோதனை. லிட்டருக்கு 0.25 மி.கி. காட்டினால் பாதித் தண்ணீரை மாற்றிவிடுங்கள், மருந்து வீணானாலும் பரவாயில்லை, பிறகு மறுபடி தொடங்கலாம். டெட்ரைடஸ் புழுவிலும் ஒரு பகுதி சாகும், அதையும் எதிர்பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் நாள் 40 சதவீதத் தண்ணீர் மாற்றம், புதுக் கார்பன். எட்டாம் நாள் மறுபடி 40.

முட்டைக்கூட்டுக்குள் மருந்து போகாது. பிளனேரியா முட்டை பொரிய இரண்டு மூன்று வாரம் ஆகும். அதனால் மூன்றாம் வாரம் பொறி வைத்துப் பாருங்கள். ஒன்று வந்தாலும் முழுச் சுற்றையும் ஒருமுறை திரும்பச் செய்யுங்கள். "மருந்து வேலை செய்யவில்லை" என்று புலம்புகிறவர்களில் பலர் இந்த இரண்டாம் சுற்றைச் செய்யாதவர்கள்.

தீவனம்: தினமும் ஒரு வில்லை என்பதுதான் இவ்வளவுக்கும் மூலம். எண்பது இறாலுக்கு வாரம் மூன்று நாள், இரண்டு மணி நேரத்தில் தின்று முடிக்கும் அளவு. மீந்ததை எடுத்துவிட வசதியாக ஒரு கண்ணாடித் தட்டில் போடுங்கள்.

—

லெனேசியா_இறால்

முதல் இரவுப் பொறியில் முப்பதுக்கு மேல் வந்தன. இன்னும் இரண்டு இரவு வைத்துவிட்டுத்தான் மருந்து. கூம்பு நத்தை இல்லை. கடைசியாக ஒன்று: நெரைட்டை எப்போது திரும்ப விடலாம்?

—

கண்ணாடிக்குடுவை

அவசரப்படாதீர்கள். தண்ணீரில் இருந்து போனாலும் மருந்து மண்ணிலும் மரத்திலும் தங்கும், மாதக்கணக்கில் கழித்து விட்ட நெரைட்கூடச் செத்த தொட்டிகள் உண்டு. மண்ணை முழுக்க மாற்றும்வரை அந்த இரண்டும் வேறு தொட்டியிலேயே இருக்கட்டும். தொட்டியின் ஓரத்தில் மருந்து போட்ட தேதியை எழுதி ஒட்டிவையுங்கள். நாளைக்கு நீங்கள் இந்தத் தொட்டியையோ மரத்தையோ யாருக்காவது கொடுத்தால் அவர்களுக்கும் தெரிய வேண்டும்.